கதிர்வேலுக்கு வாங்கிக்கொடுத்த சைலன்சர்

இத்தனை சத்தம் போடுகிற சாமானுக்கு சைலன்சர் என்று பெயர் வைத்தவன் நிச்சயமாக எங்கள் தெருவில் குடியிருந்தவன் இல்லை. காபி ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், தம்பி. உங்கள் ஸ்டேஷன்காரர்கள் முன்னே வந்தபோது வாசலோடு போய்விட்டார்கள். நீங்கள்தான் உள்ளே வந்து உட்கார்ந்தீர்கள். அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்து ரொம்ப நாளாயிற்று. உங்கள் பேண்டில் ஒட்டியிருக்கும் தூசியைப் பார்த்தாலே தெரியும்.

நீங்கள் கேட்க வந்தது கதிர்வேலைப் பற்றி. விடியற்காலையில் கண்மண் தெரியாமல் ஓட்டிவந்து, கோலம் போட்டுக்கொண்டிருந்த அமிர்தத்தை இடித்துவிட்டான் என்பது கேஸ். பக்கத்து வீட்டு மங்கலம், அதாவது நான், கண்ணால் பார்த்த சாட்சி. பார்த்ததைச் சொல்கிறேன். ஆனால் எந்தச் சேதியையும் பாதியிலிருந்து ஆரம்பிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. செம்மண்டலத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கதிர்வேல் நல்ல பையன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. சம்பளத்தில் பாதி புல்லட்டுக்கு, மீதி தலைமுடிக்கு. பெண்டாட்டி ரேகா பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு, ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போன நேரம் பார்த்து, பாண்டிச்சேரியில் போய் வண்டிக்கு ஒரு சைலன்சர் மாட்டிக்கொண்டு வந்தான். பெயருக்குத்தான் சைலன்சர், உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் குழாய். அவன் வண்டியைக் கிளப்பினால் என் அடுக்களையில் தம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். எதிர்வீட்டு மலர்க்கொடி, "கட்டையில போறவன் கெளம்பிட்டான் பாரு" என்று எழுந்திருப்பாள். தெருவே அவனைத் திட்டியது. அமிர்தம் ஒருத்திதான் திட்டவில்லை.

"புள்ள வண்டிச் சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பொழுதே விடியுது" என்பாள். அமிர்தத்துக்கு எவ்வளவு பெரிய மனசு என்று தெரு மெச்சிக்கொண்டது. பெரிய மனசெல்லாம் இல்லை. அவளுக்குக் காதில் விழுகிற ஒரே வண்டி அதுதான்.

ஆமாம், தம்பி. அமிர்தத்துக்குக் காது கேட்காது. இடி, வெடி, கதிர்வேல் வண்டி, இந்த மூன்றும் காதில் விழும். காதில்கூட இல்லை, நெஞ்சில் விழும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். வெளியில் சொல்லமாட்டாள். கௌரவம். யார் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டிவிடுவாள். என் வாயைப் பார்த்தால் மட்டும் அவளுக்குப் புரியும். எத்தனையோ வருஷமாக அதையே பார்த்துப் பழகியவள். "என்னாடி சொல்றா அவ?" என்று சாயங்காலம் மதில் ஓரம் வந்து நிற்பாள். நான் சொல்வேன். காய்காரி சொன்னது, கோயிலில் ஐயர் சொன்னது, மலர்க்கொடி புருஷனைச் சொன்னது எல்லாம் என் வாய் வழியாகத்தான் அவளுக்குப் போகும். வழியில் கொஞ்சம் உப்பு புளி சேர்ப்பேன், இல்லை என்று சொல்லவில்லை. உலகம் அவ்வளவு ருசியாக இருப்பதில்லை.

அவளுக்கு ஒரே பெண், இளவரசி. சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஸ்கூல் டீச்சர். வாரா வாரம் போன் பண்ணுவாள். போனில் அமிர்தத்துக்கு ஒரு எழுத்தும் புரியாது. என்னிடம் நீட்டிவிடுவாள். அம்மாவுக்கு லேசாகக் காது மந்தம் என்றுதான் அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

"பெரிம்மா, அம்மாவ இங்க வந்துடச் சொல்லுங்க. மாடில ரூம் சும்மாதான் கெடக்கு. தனியா எதுக்குக் கஷ்டப்படணும்?" என்பாள் இளவரசி.

அமிர்தம் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். "என்னாடி சொல்றா?"

"நல்லா இருக்கியான்னு கேக்குறா. பசங்களுக்குப் பரீட்சையாம், இப்ப வரவேணாமாம்."

அமிர்தம் முகம் கொஞ்சம் சுருங்கும். "சரி, புள்ளைங்க படிக்கட்டும்" என்பாள். நான் போனில், "வீட்ட விட்டு வரமாட்டேங்குறாம்மா, பிடிவாதம் ஜாஸ்தி" என்பேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. அவர்கள் இரண்டு பேருக்கும் சண்டை வராமல் நான்தான் பார்த்துக்கொண்டேன். சிதம்பரத்தில் அமிர்தத்தால் இருக்க முடியாது, தம்பி. மாடி அறையில் உட்கார்ந்து யார் வாயைப் பார்ப்பாள்?

கார்த்திகையில் இளவரசி சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். அம்மாவோடு ஒரு நாள் முழுக்க இருந்தாள். மறுநாள் சிதம்பரத்துக்கு, காது டாக்டரிடம் என்றாள். நானும் போனேன். நான் இல்லாமல் டாக்டர் சொல்வது அமிர்தத்துக்கு எப்படிப் புரியும்? கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து என்னென்னவோ சத்தம் விட்டுப் பார்த்தார்கள். பிறகு டாக்டரம்மா ஒரு மெஷினை அவள் காதில் மாட்டி, இளவரசியைக் கூப்பிடச் சொன்னாள்.

"அம்மா" என்றாள் இளவரசி. மெதுவாகத்தான் சொன்னாள்.

அமிர்தம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் பக்கத்தில் போய், கேட்கிறதா என்று கேட்டேன். அவள் சட்டென்று காதைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஏண்டி இப்படிக் கத்துற?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இளவரசி விடவில்லை. "எத்தன வருஷமா வா வான்னு கூப்புடுறேன், ஒரு தடவயாவது வந்தியாம்மா?" என்றாள். அதற்குள் டாக்டரம்மா மெஷினைக் கழற்றிவிட்டாள். அது மாதிரிக்குக் காட்டுகிற மெஷினாம். அமிர்தம் காதுக்கென்று செய்து தை பிறந்ததும் தருவார்களாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அமிர்தம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எத்தன வருஷமா கூப்புடுறேன்னாளே, எதுக்குடி?"

"ஆருத்ரா தேர் பாக்க" என்றேன்.

தலையாட்டினாள். ஆனால் வழக்கமாக ஆட்டுகிற மாதிரி இல்லை. தை மாதம் வரட்டும், நானே கேட்டுக்கொள்கிறேன் என்கிற மாதிரி இருந்தது. அன்று ராத்திரி எனக்கு ஒன்று விளங்கியது. மெஷின் வந்துவிட்டால் அவள் முதலில் கேட்கப்போவது மகளைத்தான். இரண்டாவது, பழைய சேதிகளை ஒவ்வொன்றாக. அப்புறம் மதில் ஓரம் வந்து நிற்க அவளுக்கு என்ன வேலை?

கதிர்வேல் விஷயத்துக்கு வருகிறேன். அமிர்தம் வீடு தெரு முக்கில் இருக்கிறது. தெருவுக்குள்ளேயிருந்து வருகிற வண்டி அவள் மதிலைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். மதில் உயரம், போதாக்குறைக்குச் செம்பருத்தி வேறு. திரும்புகிற வரைக்கும் விளக்கு வெளிச்சம்கூடத் தெரியாது. அமிர்தம் அந்த முக்கில்தான் முதுகைக் காட்டிக் குனிந்து கோலம் போடுவாள். உள்ளே கதிர்வேல் வண்டியைக் கிளப்பினதுமே கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படியேறி நின்றுகொள்வாள். அவனும் வேகத்தைக் குறைக்கமாட்டான். அமிர்தம் ஒதுங்கியிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவான். பேசிவைக்காமலே நடந்த ஏற்பாடு.

ஒரு நாள் கதிர்வேலை வாசலில் நிறுத்தினேன். "ஏன்டா, பொங்கல் கழிச்சு ரேகா பச்சப்புள்ளயத் தூக்கிட்டு வரப்போறா. இந்தச் சத்தத்துல அது எப்படிடா தூங்கும்?"

"வண்டியோட வந்த கம்பெனி சைலன்சரத் தூக்கிப் போட்டுட்டேன் அத்த. புதுசு வாங்கணும்."

"என் பேரப்புள்ளைக்கு மோதிரம் போட்டதா நெனச்சுக்க. நான் வாங்கித் தரேன். வா."

அவன் கண் கலங்கினான். இந்தக் காலத்துப் பையன்களுக்குச் சட்டென்று கண் கலங்கிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நெல்லிக்குப்பம் ரோட்டில் சிங்காரத்தின் ஒர்க் ஷாப்புக்குப் போனோம். சிங்காரம் மூன்று சைலன்சர் எடுத்துப்போட்டான். ஒன்று யாரோ கழற்றிப்போட்ட பழசு. இன்னொன்று குட்டை, பார்க்க அழகு. கதிர்வேலுக்கு அதன் மேல்தான் கண். தட்டிப் பார்த்தேன், கிண்ணென்றது. உள்ளே பஞ்சு கம்மி என்று அர்த்தம், நாலு மாதத்தில் எரிந்துபோய் மறுபடி குரைக்கும் என்றான் சிங்காரம். மூன்றாவது நீளமானது. தட்டினால் தலையணையைத் தட்டின மாதிரி இருந்தது.

"உள்ள கண்ணாடிப் பஞ்சு நெறய. வாயில இந்தக் குழாயையும் சொருகி முடுக்கிட்டா அவ்ளோதான்" என்று விரல் நீளத்தில் ஒன்றைக் காட்டினான்.

"அது என்னாடா?"

"சத்தத்தக் கொல்ற சாமான்மா. டிபி கில்லர்னு பேரு."

பெயரைக் கேட்டு நான் சிரித்தேன். சிங்காரத்திடம் விசாரித்தால் அவனே சொல்வான்.

மாட்டினான். கிளப்பினால் இணைப்பில் லேசாகப் புஸ் புஸ் என்றது. வாஷரைப் புதிதாகப் போடச் சொன்னேன். கிளாம்பை மறுபடி இறுக்கச் சொன்னேன். பிறகு எதிர்சாரி டீக்கடை வரைக்கும் போய், வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முந்தானையை மடித்து இரண்டு காதிலும் அழுத்திக்கொண்டு நின்றேன். "கெளப்புடா" என்றேன். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"எப்பம்மா கெளப்பச் சொன்னீங்க? கெளப்பி எந்நேரமாச்சு" என்று சிங்காரம் வந்து தோளைத் தொட்டான்.

அது போதும் என்றேன்.

சாயங்காலம் தெருவே என்னைப் பாராட்டியது. அமிர்தமும் நானும் மதில் ஓரம் நின்றிருந்தபோது மலர்க்கொடி அவள் வீட்டு வாசலிலிருந்தே சத்தமாகச் சொன்னாள். "அமிர்தம்மா, ஒங்க ஃப்ரெண்டு தெருவுக்கே புண்ணியம் பண்ணிட்டாங்க. கதிர்வேலு வண்டி இனிமே வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது."

அமிர்தம் சிரித்துத் தலையாட்டினாள். மலர்க்கொடி உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினாள். "என்னாடி சொல்றா?"

"கதிர்வேலு புள்ளயப் பாக்க ஸ்ரீமுஷ்ணம் போயிட்டானாம். பொங்கல் கழிச்சுத்தான் வருவானாம்."

"அய்யய்யோ. அப்ப காலைல சத்தமே இருக்காதா எனக்கு?"

"நல்லதாப் போச்சுன்னு வச்சுக்க. குறுக்க வண்டி வராது. நீ ஆசப்பட்டியே தேர்க்கோலம், அத நாளைக்கிப் போடு. ரோடு வரைக்கும் நல்லா இழுத்துப் போடு."

மறுநாள் விடியலில் பனி இறங்கியிருந்தது. நான் ஜன்னலில் இருந்தேன். எப்போதும் இருக்கிற ஜன்னல்தான். அமிர்தம் தேரின் சக்கரத்தைப் போட்டுவிட்டு, வடத்தை இழுக்க ரோட்டில் இறங்கினாள். உள்ளே கதிர்வேல் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும். எனக்கே கேட்கவில்லை. சிங்காரம் நல்ல வேலைக்காரன்.

ஏன் கத்தவில்லை என்று கேட்கிறீர்கள். கத்தினால் அவளுக்குக் கேட்காதே. ஜன்னலில் டார்ச் இருந்தது. அதை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

கால் என்றுதான் நினைத்திருந்தேன், தம்பி. கால் உடைந்தால் சிதம்பரத்தில் மாடி ஏற முடியாது. இங்கேயே படுத்திருப்பாள். கஞ்சி வைத்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சேதி சொல்லலாம். மெஷின் வந்தால்கூட எங்கேயாவது வைத்து மறந்துவிடலாம். தலை படிக்கல்லில் போய் மோதும் என்று யார் கண்டது? ஓடிப்போய் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். கதிர்வேல் ரோட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முதுகைக் காட்டிக் கிடந்தாள். என் வாயைத்தான் பார்த்தாள்.

"யாரு வண்டிடி?" என்றாள்.

"யாரோ வெளியூர்க்காரன்" என்றேன்.

தலையாட்டினாள். அவ்வளவுதான்.

ஆகவே கதிர்வேல் மேல் தப்பு இல்லை. அவன் எப்போதும் வருகிற வேகத்தில்தான் வந்தான். இப்போது வண்டியைத் தொடுவதில்லை. பிறந்த குழந்தையைப் பார்க்கக்கூடப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். அவனை விட்டுவிடுங்கள். அமிர்தத்துக்குக் கேட்காது என்று தெரிந்து, அவன் வண்டியின் சத்தத்தை நிறுத்தியது நான். வரமாட்டான் என்று சொல்லி அவளை ரோட்டில் இறக்கியது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

காரியத்துக்கு வந்த இளவரசி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அம்மாவுக்குக் காதா இருந்தீங்க பெரிம்மா. இத நீங்களே வச்சுக்குங்க" என்று அமிர்தத்துக்காகச் செய்த அந்த மெஷினைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு நாள் என் காதில் மாட்டிப் பார்த்தேன். ஃபேன் சுற்றுவது கேட்டது. குழாய் சொட்டுவது கேட்டது. நான் மூச்சு விடுவது கேட்டது. சாயங்காலம் வரைக்கும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறொன்றும் கேட்கவில்லை.

ஏன் எழுதாமல் என்னையே பார்க்கிறீர்கள்? காபி ஆறிவிட்டது, வேறு கலந்து தருகிறேன், உட்காருங்கள். எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள். மகள் அவ்வளவு தூரத்தில், அமிர்தம் தெருவில் யாரோடும் ஒட்டமாட்டாள், பாவம். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருந்தார்கள், சொல்லுங்கள்.