சுவருக்குள் போன கருப்பட்டி

நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குப் போன பஸ்ஸில் டிரைவர் இருந்தார். ஓலைக் கடவத்தோடு கருப்பட்டிக்காரி ஒருத்தி இருந்தாள். அவளருகே மீன்காரி ஒருத்தி. பின்னால் உறங்கிய கிழவர் ஒருவர். பிறகு நான்.

"எனக்க வீட்டுக்காரரு ஒரு ஞாயிறும் வேதக்கோயிலுக்குப் போவாம இருந்ததில்ல. ஆனா செத்த பொறவுதான் உள்ள போனாரு," என்றாள் கருப்பட்டிக்காரி.

"அது எப்பிடி அக்கா?" என்றாள் மீன்காரி.

"பனையேறியாக்கும். ஒருநாள் சீவாம விட்டா பாளை காஞ்சுபோவும். பொறவு அஞ்சு பிள்ளையளுக்குக் கஞ்சி ஏது? ஞாயிறும் ஏறுவாரு. ஞாயிறு ஏறினவன் உள்ள இருக்கப்பிடாதுன்னு சபை மூப்பமாரு சொல்லிட்டாவ. பிள்ளையள உள்ள அனுப்பிட்டு சன்னலுக்கு வெளிய நின்னு பாடுவாரு."

"மழையிலயுமா?"

"மழைன்னா இன்னும் சத்தமாப் பாடுவாரு. ஞாயித்துக்கிழமை எறக்கிக் காச்சுன கருப்பட்டிய வீட்டுல தொடமாட்டாரு. புதுக் கோயிலு கட்டச்சில சுண்ணாம்புச் சாந்துல கலக்க அம்புட்டையும் குடுத்தாரு. அத மட்டும் வாங்கிக்கிட்டாவ."

"நல்ல மூப்பமாரு! செத்த பொறவு சவப்பெட்டியையும் தடுத்தாவளா?"

"வாசல்ல தடுத்தாவ. 'செவர இடிச்சு அவருக்க கருப்பட்டியத் தாருங்க, நான் இவரத் திருப்பிக் கொண்டுபோறேன்'னு சொன்னேன்."

மீன்காரி தொடையில் அடித்துச் சிரித்தாள். டிரைவரும் சிரித்தார்.

"பொறவு?"

"மூத்த மூப்பரே பெட்டிக்குத் தோள் குடுத்தாரு. வாசல்ல இருந்து பீடம் வரைக்கும், அவரு உசுரோட நடக்காத தூரத்த, நான் அடி அடியா எண்ணிக்கிட்டே பின்னால நடந்தேன்."

"எத்தன அடி?"

"நாப்பத்தொண்ணு."