ஒருபோதும் உறுப்பினராக இருந்ததில்லை

ரோல்ஸ் இல்லாமல் தமிழரின் கூட்டம் ஒன்றைக் கூட்டிப் பார்த்திருக்கிறீரா, பிள்ளை? பதினொரு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று கட்சியின் சட்டமான யாப்பில் எழுதலாம். அந்தப் பதினொரு பேரை வரவைப்பது யாப்பு அல்ல, மட்டன் ரோல்ஸ். இருபது வருட அரசியலில் நான் கற்றுக்கொண்ட முதற்பாடம் அது.

தேத்தண்ணியைக் குடியும், ஆறப்போகிறது. யோகமலருடைய சட்டத்தரணி உம்மை அனுப்பியிருக்கிறார். நான் சொல்வதை நீர் ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டு வருவீர், நான் கையெழுத்து வைப்பேன். பெயரைச் சரியாக எழுதும்: சண்முகலிங்கம், செயலாளர் நாயகம், தமிழ் மக்கள் நியாயக் கட்சி. அவளுடைய புருஷன் மகேஸ்வரனை நான் என்ன செய்தேன் என்று கேட்கத்தானே வந்தீர்? சொல்லுகிறேன். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?

எங்கள் கட்சி எண்பத்திரண்டில் யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்கு ரியூஷன் கொடுக்கிற ஒரு ரியூட்டரியின் பின்னறையில் தொடங்கியது. தொண்ணூற்று நான்கில் எண்ணிப் பார்த்தால் ரொறன்ரோவில் முப்பத்தொரு உறுப்பினர், ஊரில் ஒருவருமில்லை. தலைவர் இல்லை, விதிகள் இல்லை, கொள்கை மட்டும் தாராளம். ஆகவே யாப்பு எழுதுவதென்று முடிவாயிற்று. நான் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் பதினாறு வருடம் கிளாக்கராக இருந்தவன். இங்கே ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலை வாசலில் செக்கியூரிட்டி வேலை. எட்டு மணித்தியாலத்தில் நாலு லொறி வரும், மிச்ச நேரத்தில் விதி எழுதினேன். நாற்பத்து நாலு விதி. ஆளுக்கொன்று கொடுத்தாலும் பதின்மூன்று மிஞ்சும்.

தலைமைப் பதவிக்கு என்ன பெயர் வைப்பது என்பதற்கே மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. தலைவர் என்றால் கிரிக்கெட் கிளப் மாதிரி என்றார்கள். பொதுச் செயலாளர் என்றால் இடதுசாரி வாடை. கடைசியில் செயலாளர் நாயகம் என்று நிறுத்தினோம். நாயகம் என்கிற சொல்லில் ஒரு கனம் இருக்கிறது, நீரே சொல்லிப் பாரும். கூட்டம் கூட்டுவது, கலைப்பது, கட்சியின் பெயரில் கடிதம் எழுதுவது, ஆளைச் சேர்ப்பது, விலக்குவது எல்லாம் அவர் கையில். பதவிக்காலம், இனப்பிரச்சினை தீரும்வரை. சிரிக்கிறீர். அன்றைக்கும் ஒருவர் சிரித்தார். அவர்தான் மகேஸ்வரன்.

மகேஸ்வரன் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஊரில் எங்கள் சுவரொட்டிகளை எழுதியவன் நான், ஒட்டியவர் அவர். எழுதியவனை ஒருவரும் தேடவில்லை. ஒட்டியவரை இராணுவ முகாமில் பதினொரு மாதம் வைத்திருந்தார்கள். விட்டபோது வலக்கையில் மூன்று விரல் மடியாது. தொண்ணூற்று மூன்றில் இங்கே வந்து அகதிக் கோரிக்கை வைத்தார். கட்சிக்காரன் என்றுதான் பிடித்தார்கள், திருப்பி அனுப்பினால் மறுபடி பிடிப்பார்கள் என்பதே அவருடைய வழக்கு. அதற்குக் கட்சி கொடுக்கிற கடிதத்தை விட்டால் வேறு அத்தாட்சி கிடையாது. இது எல்லோருக்கும் தெரியும். எனக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

அவர் சபையில் எழும்பி நின்று, "அண்ணை, நாயகம் பிழை விட்டா ஆர் இறக்கிறது? அதுக்கும் ஒரு விதி எழுதுங்கோவன்" என்றார். இரண்டு வருடத்துக்கு ஒருதரம் தேர்தல், இரகசிய வாக்கு என்று பிரேரித்தார். நியாயமான பேச்சுத்தான். நியாயத்தை வயதில் மூத்தவன் முகத்துக்கு நேரே பேசுவது நல்ல வளர்ப்பா என்று நீரே சொல்லும். ஆனால் தலைகள் ஆடத் தொடங்கின. மெதுவாக எண்ணினேன், பத்தொன்பது தலை. ரோல்ஸ் ஆறுகிறது என்று இடைவேளை விட்டேன்.

அன்று பின்னேரம் எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு ஒரு கலியாண வரவேற்பு. கோட்டுப் போட்டுக்கொண்டுதான் கூட்டத்துக்கே வந்திருந்தார்கள், மனுசிமார் கீழே காருக்குள். பதவிக்கால விதியை எடுத்துத் தாள்கட்டின் நடுவில் செருகி, மிச்சமிருந்த பதினெட்டு விதியையும் மொத்தமாக வாசித்தேன். பதினேழு நிமிடத்தில் நிறைவேறின. அதில் இருபத்தேழாம் விதியும் ஒன்று: கட்சியிலிருந்து விலக்கப்பட்டவர் ஒருபோதும் உறுப்பினராக இருந்ததில்லை எனக் கொள்ளப்படும். இந்த நகரத்தில் முன்னாள் உறுப்பினர் என்று சொல்லிக்கொள்பவனெல்லாம் பலசரக்குக் கடை வாசலில் இலவசப் பத்திரிகை போட்டு எழுதித் தள்ளுகிறான். அந்தத் தொல்லை வேண்டாம் என்று எழுதினேன். மகேஸ்வரனும் கை உயர்த்தினார். மடியாத விரல்கள் மூன்றும் நேராக நின்றன.

ஆறு மாதம் கழித்துத் தேர்தல் வேண்டும் என்று ஒரு மனு வந்தது. பத்தொன்பது கையெழுத்து, முதல் கையெழுத்து அவருடையது. மற்றப் பதினெட்டுப் பேருக்கும் ரெலிபோன் எடுத்தேன். அதட்டவில்லை, சுகம் விசாரித்தேன். உங்கட மச்சானுடைய கேஸுக்கும் கட்சிக் கடிதம் தேவைப்படும் என்ன, என்று மட்டும் கேட்டேன். பதினேழு பேர் கையெழுத்தை மீளப் பெற்றார்கள். பிள்ளைகுட்டிக்காரர், அவர்களில் குறை சொல்ல மாட்டேன். பதினெட்டாவது ஆள் அமிர்தநாதர், பழைய வாத்தியார். ரெலிபோனை வைத்தார், கட்சியையும் விட்டார், பிக்கரிங்கில் வீடு வாங்கிக்கொண்டு போனார். நான் மகேஸ்வரனை விலக்கினேன். அதிகாரம் இருந்தது, பாவித்தேன்.

தொண்ணூற்றாறு தை மாதம், அவருடைய வழக்கை விசாரித்தவர்கள் கட்சிக்கு எழுதிக் கேட்டார்கள், இவர் உங்கள் உறுப்பினரா என்று. யாப்பைப் பார்த்துத்தான் பதில் எழுதினேன். அப்படி ஒருவர் எமது கட்சியில் ஒருபோதும் உறுப்பினராக இருந்ததில்லை. நாலு வரி. பிழை ஏதும் இருக்கக்கூடாது என்று மூன்று தரம் வாசித்தேன். கனடாக்காரருக்கு எழுதுகிற கடிதம், மரியாதையாக இருக்கவேண்டாமா?

மாசி மாதம் யோகமலர் இதே கதிரையில் வந்து இருந்தாள், நீர் இருக்கிற இடத்தில். மகள் துர்க்காவோடு அவள் வந்து சேர்ந்து ஆறு மாதம். அவர்களுடைய அகதி வழக்கு வேறு கோப்பு, இன்னும் முடியவில்லை. அழவில்லை. "அவர் கட்சியில இருந்தவர் எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ, அண்ணை. பிறகு உங்கட கட்சிப் பக்கமே வரமாட்டம்" என்றாள். எனக்கும் நெஞ்சு இளகத்தான் செய்தது. விதியை எடுத்து வாசித்துக் காட்டி, விதி எனக்கும் மேலே, தங்கச்சி என்றேன். எலிவேற்றர் வரை கூடப் போனேன். பிள்ளையின் கையில் ஒரு சொக்லேற்றும் கொடுத்தேன்.

ஐப்பசியில் மகேஸ்வரனை அனுப்பிவிட்டார்கள். கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்திருக்கிறார். ஐந்தாவது கிழமை ஒரு வான் வண்டியில் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். யார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. பிறகு உடல் கிடைத்தது. விரலை வைத்து அடையாளம் கண்டார்களாம்.

கட்சி அப்போது கழுதை தேய்ந்து கட்டெறும்பான நிலையில் இருந்தது. கொள்கை முரண்பாட்டால் போனவர்கள் கொஞ்சப்பேர், அஜக்ஸில் வீடு மலிவென்று போனவர்கள் மிச்சப்பேர். ரோல்ஸ் வாங்கி வைத்தாலும் ஏழு பேர். அந்த நிலையில் ஒரு கட்சிக்கு என்ன வேண்டும்? தியாகி வேண்டும். ஊரில் ஒவ்வொரு இயக்கத்துக்கும் சுவர் நிறையப் படம், எங்களுக்கு ஒன்றுகூட இல்லை. நான் மகேஸ்வரனைத் திரும்பச் சேர்த்தேன், ஆரம்ப நாளிலிருந்து உறுப்பினர் என்று. அஞ்சலிக் கூட்டத்துக்கு இருநூறு பேர் வந்தார்கள். இரண்டு மணித்தியாலம் பேசினேன், கண்ணீர் தானாக வந்தது. யோகமலர் வரவில்லை. அவளுக்கென்று முன்வரிசையில் போட்ட கதிரை கடைசிவரை சும்மா கிடந்தது. அது எனக்கு மனவருத்தம்தான்.

நீர் எழுதுவதை நிறுத்திவிட்டீர். கேளும்.

"எந்த விதியில அவரைத் திரும்பச் சேர்த்தனீங்கள், அங்கிள்?"

கெட்டிக்காரப் பிள்ளை. இரண்டு வருடத்தில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. இருபத்தேழாம் விதிக்குக் கீழே ஓர் உபவிதி இருக்கிறது. விலக்கப்பட்டவரைச் செயலாளர் நாயகம் எவரையும் கேளாமல், எந்நேரமும், ஒரு கையெழுத்தில் மீளச் சேர்க்கலாம். பிறகு சேர்த்ததல்ல, அன்றைக்கே அதே பக்கத்தில் எழுதியது. விசாரித்தவர்களுக்கு நான் பதில் எழுதியபோது அது இருந்தது. யோகமலர் இந்தக் கதிரையில் இருந்தபோதும் இருந்தது. அந்த வரி தெரியாமல் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் அவளுக்கு யாப்பைக் காட்டினேன். திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஊரில் சுவரொட்டி எழுதிய நானே இங்கே ஓடி வந்தவன், தெரியாமல் இருக்குமா? ஆனால் கேட்டவுடனே கையெழுத்து வைத்தால், கேட்டால் கிடைக்கும் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடும். பிறகு தலைமை என்று ஒன்று எதற்கு? இதையும் அப்படியே எழுதிக்கொள்ளும், மாற்ற வேண்டாம். யோகமலருடைய வழக்குக்கு உதவுமென்றால் உதவட்டும். அவர் ஆரம்ப நாளிலிருந்தே கட்சிக்காரர்தான், எந்த நீதிமன்றத்திலும் வந்து சொல்லுவேன்.

யோகமலரைக் கண்டால் இன்னொன்றும் சொல்லும். தியாகிகளை எவரும், செயலாளர் நாயகம்கூட, கட்சியிலிருந்து விலக்க முடியாது என்று போன மாதம் ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். ஏழு பேரும் கை உயர்த்தினார்கள். இனி மகேஸ்வரனுக்குக் கட்சியால் ஒரு பயமும் இல்லை.