கலைக்கக் கூடாத மணல்

— டாக்டரம்மா, இருபத்தி நாலு வருஷமா அட்டகாமா பாலைவனத்துல மம்மட்டி வெச்சுத் தோண்டறவ நான். எனக்குப் போய் ஒரு பெட்டி மணலைக் குடுத்து விளையாடுங்கிறியே.

— விளையாட வேண்டாம், நோல்ஃபாம்மா. தொட்டுப் பாருங்க. அலமாரியில பொம்மைங்க இருக்கு, மனசுக்குப் பட்டதை எடுத்து வையுங்க.

— என் மக யாஸ்னா என்ன சொன்னா? அம்மாவுக்கு முத்திடுச்சுன்னாளா?

— நீங்க இனிமே தேடப் போனா, வீட்டை விட்டே போயிடுவேன்னு சொன்னாங்க.

— போகட்டும். என் புருஷனைத் தேட நான் யார்கிட்டயும் உத்தரவு கேக்க மாட்டேன். இதென்ன மணல், மாவாட்டம்?

— கடற்கரை மணல். கழுவினது.

— எங்க மண்ணு நகத்தைப் பேத்துடும். அடியில ஏன் நீலமா இருக்கு?

— தோண்டினா தண்ணி தெரியற மாதிரி பூசியிருக்கு.

— நான் தோண்டின எடத்துல ஒருநாளும் தெரியல. சரி, இந்தச் சுரங்கக்காரப் பொம்மைதான் என் ருபேன். வேலை செஞ்சிட்டிருந்தவரை, ஆட்சியைப் பிடிச்ச ராணுவத்துக்காரன் கூட்டிட்டுப் போனான். இதோ குழி. போட்டு மூடிட்டேன். திருப்தியா உனக்கு?

— நான் எதுவும் சொல்ல மாட்டேன். இப்படியே விட்டுட்டுப் போங்க. நீங்க போனதும் போட்டோ எடுத்துட்டு, நானே கலைச்சு, பொம்மையை அலமாரியில வெச்சிடுவேன்.

— நான் போனதுக்கப்புறமா?

— எங்க முறை அது. கலைக்கறதை நீங்க பார்க்கக் கூடாது.

— அந்த ராணுவத்துக்காரனுங்களும் அப்படித்தான் பண்ணினானுங்க. எங்க புருஷன்மாரைச் சுட்டுப் பொதைச்ச எடத்தைத் தேடி நாங்க நெருங்கிட்டோம்னு தெரிஞ்சதும், நாங்க இல்லாத நேரமாப் பார்த்து மிஷின் வெச்சுத் தோண்டி, எல்லாரையும் அள்ளிட்டுப் போயிட்டானுங்க. மிச்சம் கிடைச்சது ஒரு விரல் எலும்பு. அதுவும் யாரோடதோ.

— இது எனக்குத் தோணவே இல்லை, நோல்ஃபாம்மா. மன்னிச்சிடுங்க.

— மன்னிப்பு உன்கிட்டயே இருக்கட்டும். நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன்.

— எந்திரிக்க வேண்டாம். அடுத்து வர்றவங்களை நாளைக்கு வரச் சொல்லிடறேன். நான் இந்த மணல்ல கை வைக்க மாட்டேன். நீங்களே அவரை எடுக்கறீங்களா?

— நானும் எடுக்க மாட்டேன். வெளியில உக்காந்திருக்காளே யாஸ்னா, அவளைக் கூப்பிடு. அவர் போனப்ப அவ என் வயித்துல இருந்தா, அவர் மூஞ்சியையே பார்த்ததில்ல. அவ அப்பாவை அவ கையால தோண்டி எடுக்கட்டும். எடுத்துட்டு, அப்புறம் சொல்லட்டும் தேடாதேன்னு.