கள்ளிமேட்டுக்கு வழி

— ஏ செபாஸ்தியம்மா! ஒன் வீட்டுக்காரரு எழுதுற போர்டு காஞ்சுருச்சா, இன்னும் ஈரமாத்தான் கெடக்கா? அத மொதல்ல சொல்லு.

— வாங்க மாயக்கா. ‘மங்கள நகர்’னு எழுதி முடிச்சாச்சு. மஞ்சள்ல கருப்பு எழுத்து. நாளைக்கு பஸ்ஸு நிக்கிற எடத்துல நடப்போறாங்க. ஏங்க்கா, எழுத்துல ஏதும் கொறையா?

— கொறையெல்லாம் ஒண்ணுமில்ல. கீழ கொஞ்சம் எடம் கெடக்குல்ல, அதுல ‘கள்ளிமேடு’ன்னு இன்னொரு வரி எழுதச் சொல்லு. பெருசா எழுதணும், கேட்டியா. பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்தாலும் தெரியணும்.

— சேசுவே! நீங்களாக்கா இதச் சொல்றீங்க? எவ வாயில கள்ளிமேடுன்னு வந்தாலும் ஒங்களுக்கு ஒரு கொடம் தண்ணி எறச்சு ஊத்தணும்னு சட்டம் போட்டதே நீங்கதான? ஆடியில நான் குடிவந்த அன்னைக்கு வாய் தவறிச் சொல்லிட்டு, மூட்டையப் பிரிக்கிறதுக்கு முன்னால கெணத்தடிக்குப் போனவ நானு.

— போனா என்ன, இடுப்பு தேஞ்சா போச்சு?

— ஜெகபர் அலி பாய் குதிரவண்டிய ‘கள்ளிமேடு, கள்ளிமேடு’ன்னு கூவிக்கிட்டு ஓட்டிட்டு வந்தாருன்னு அவரையுமில்ல எறைக்க வச்சீங்க! மனுசன் இன்னைக்கு வரைக்கும் நம்ம தெரு மொனைக்கு வந்தா வாயத் தொறக்குறதில்ல.

— எறைக்க வச்சேன், இல்லங்கல. பேரு நல்லா இருந்தாத்தான தெரு தலையெடுக்கும். கள்ளிமேட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? பேர மாத்துனதுக்குப் பெறகு பாரு, லைட்டுக் கம்பம் வந்துச்சு, டவுன் பஸ்ஸு வந்துச்சு. தோல் ஷாப்புக்காரன், பூட்டுப் பட்டறைக்காரன், வாத்தியாருன்னு ஆளாளுக்கு எடம் கேட்டு வாரான்.

— அதத்தான நானும் சொல்றேன். எங்க வீட்டுக்காரரும் பேரு பிடிச்சுப்போயித்தான் இங்க வாடகைக்கு வந்தாரு. இப்பப் போயி பழசக் கிண்டுனா...

— எம்மகன் வாரான் செபாத்தி.

— யாரு?

— எம்மகன். சோலைமலை.

— ஒங்களுக்கு மகன் இருக்காரா? ஒரு நாளாச்சும் சொன்னதில்லையேக்கா.

— எவகிட்டயும் சொன்னதில்ல. காலைல சந்தையில வச்சு மலைச்சாமி எங்கையப் பிடிச்சு நிறுத்திப்புட்டாரு. அதான், சிறுமலையில இருந்து குதிரையில பழம் ஏத்தி எறக்குவாரே, அவருதான். ‘ஆத்தா, ஒம்மகன் எங்க மலையிலதான் வாழத்தோட்டத்துல வேல பாக்குறான். பொங்கல் கழிஞ்சு ஆத்தாளப் பாக்க எறங்கிப் போறேன்னு சொல்லிக்கிட்டிருந்தான்’னாரு. இத்தன நாளும் அவரு மக பேறுகாலத்துக்கு நெய்க்காரப்பட்டியில போயி இருந்தாராம். நேத்துத்தான் திரும்புனாராம். அங்கனயே தக்காளிக் கூடைக்கு நடுவுல உக்காந்துட்டேன்.

— மாதாவே! நல்ல சேதிதான. ஏங்க்கா அழுகுறீங்க?

— கல்யாணம் முடிச்சுட்டானாம். ஒரு பொம்பளப் புள்ள இருக்காம். பேரு என்ன வச்சிருக்கான் தெரியுமா? மாயம்மா. எம்பேரு செபாத்தி! இந்தக் கழுத பேர வச்சிருக்கான்!

— உக்காருங்கக்கா. இந்தாங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க. அம்புட்டுப் பாசமா இருக்கிறவரு ஏன் பிரிஞ்சு போனாரு?

— எல்லாம் இந்த எடத்தால வந்தது. நாங்க அப்ப டவுனுக்குள்ள தோல் ஊறப்போடுற ஷாப்புக்குப் பின்னால ஒரு குச்சு வீட்டுல வாடகைக்குக் கெடந்தோம். நாத்தம் கொடலப் பிடுங்கும். சாகுறதுக்குள்ள சொந்தமா ஒரு காலடி மண்ணு வேணும்னு நாந்தான் ஒத்தக்கால்ல நின்னேன். காதுல கெடந்த தண்டட்டிய வித்து, ஒருத்தனும் சீண்டாத இந்தக் கள்ளிக்காட்டுல எடம் வாங்குனோம். சல்லிசாக் கெடச்சுச்சு. எங்க வீட்டுக்காரருக்கு இஷ்டமே இல்ல. ‘பூச்சி பொட்டு பொழங்குற எடம்டி’ன்னாரு. நான் கேக்கல. மொத மழைக்கே அவரக் கட்டுவிரியன் கடிச்சுருச்சு. ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போக ஒரு வண்டி இல்ல, பாதை இல்ல. கள்ளிக்குள்ள பூந்து தூக்கிட்டு ஓடுனோம். பாதி வழியிலேயே அவரு கையி தொவண்டு உசுரு போயிருச்சு.

— அய்யோ.

— காரியம் முடிஞ்ச அன்னைக்கு இந்தப் பய எம்மூஞ்சிக்கு நேரா கேட்டான். ‘நீதான அப்பனக் கள்ளிமேட்டுக்கு இழுத்துட்டு வந்து கொன்ன’ன்னு. எனக்கு ரத்தம் கொதிச்சுருச்சு. ‘வெளிய போடா, இந்த வாசல மிதிக்காத’ன்னேன். போயிட்டான். மீச மொளைக்காத வயசு. ராத்திரிக்குள்ள வந்துருவான்னு சோறாக்கி மூடி வச்சேன்.

— அதுக்குத்தான் அந்தப் பேர...

— அதுக்குத்தான். கள்ளிமேடுன்னு காதுல விழுந்தா, கூடவே அவன் சொன்னதும் கேக்கும். கொன்ன, கொன்னன்னு. பேர ஒழிச்சுட்டா அதுவும் ஒழிஞ்சுரும்னு நெனச்ச புத்திசாலி நானு. பேரு ஒழிஞ்சுச்சு, அது ஒழியல. இப்ப அவனுக்கு இந்த எடத்துக்கு வேற பேரு தெரியாது. அவன் போகையில எங்க கூரை ஒண்ணுதான் நின்னுச்சு. இன்னைக்கு வந்து பாத்தா ஓட்டு வீடும் மாடி வீடுமா அடஞ்சு கெடக்கு. எவளக் கேட்டாலும் அப்படி ஒரு எடமே இல்லம்பா. நாந்தான அப்படிப் பழக்கி வச்சிருக்கேன்!

— வருவாருக்கா. மெதுவா விசாரிச்சு வந்துருவாரு.

— மெதுவா வர நேரம் எங்க இருக்கு? ஆத்தா மனசுல இன்னும் அந்தக் கோவம் இருந்தா, தை முடிஞ்சதும் மூணாத்துப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குக் குடும்பத்தோட போயிருவேன்னு சொன்னானாம். போனா திரும்ப மாட்டான். தையும் முடியப் போகுது. சேதி சொல்லி விடலாம்னா, மலைச்சாமியும் மாசி பொறந்துதான் மலையேறுவாராம். அதான் வீடு வீடா ஏறி எறங்கி, எவனாச்சும் கள்ளிமேடுன்னு கேட்டா எங்க வாசல்ல கொண்டாந்து விடுங்கடின்னு சொல்லிட்டு வாரேன். ஜெகபர் பாயையும் நல்லாக் கூவச் சொல்லிட்டேன்.

— ஒரு வரி என்னக்கா, ரெண்டு வரியா எழுதச் சொல்றேன்.

— நீ நல்லா இருப்ப தாயி. பொங்கலுக்கு மறு வாரம் ஒரு சீப்பு மலைப்பழம் குடுத்தியே, அந்த ருசி இன்னும் நாக்குலயே நிக்குது. எம்மகன் தோட்டத்துப் பழமாக்கூட இருக்கும், யாரு கண்டா!

— யக்கா... ஒங்க மகன் பாக்க எப்படி இருப்பாரு?

— இப்ப எப்படி இருக்கானோ. ஆனா நடைய வச்சுச் சொல்லிருவேன். எடது குதிங்கால ஊன மாட்டான். இங்க வந்த புதுசுல கள்ளிமுள்ளு ஏறி, உள்ளயே தங்கிப்போச்சு.

— சேசுவே. என் சேசுவே.

— ஏண்டி, மூஞ்சி இப்படி வெளுக்குது?

— அந்தப் பழம் நான் வாங்குனதில்லக்கா. ஒருத்தரு குடுத்துட்டுப் போனாரு. தோள்ல ஒரு பொம்பளப் புள்ள இருந்துச்சு. குதிங்கால ஊனாமத்தான் நடந்து வந்தாரு. ‘கள்ளிமேடு இதுதானாம்மா’ன்னு கேட்டாரு.

— வந்தானா? எம்மகன் வந்துட்டுப் போயிட்டானா? ஏண்டி பாவி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?

— யாரோ வழிப்போக்கருன்னு நெனச்சேன்க்கா. சத்தியமாத் தெரியாது.

— வந்தவன எந்தச் சிறுக்கி வெரட்டுனா? நீயா?

— நான் வெரட்டல.

— பின்ன எவ? சொல்லுடி, அவ கொண்டையப் பிடிச்சு இழுத்துட்டு வாரேன்!

— வேணாம்க்கா. கேக்காதீங்க.

— சொல்லுடி!

— எனக்கு அந்தப் பேர ஒத்துக்கவே பயம். திரும்பவும் தண்ணி எறைக்க விட்டுருவீங்களேன்னு. அதனால ஒங்க வீட்டுச் செவுத்தோரமா நின்னு ஒங்களத்தான் கேட்டேன். ‘யக்கா, ஒருத்தரு பழைய பேரச் சொல்லி வழி கேக்குறாரு, என்ன சொல்ல’ன்னு. நீங்க உள்ள மாவு இடிச்சுக்கிட்டிருந்தீங்க.

— நானு... நான் என்ன சொன்னேன்?

— ‘அந்தப் பேரச் சொல்லிக்கிட்டு வாரவன் எவனும் இந்த வாசல மிதிக்க வேணாம், வெளிய போகச் சொல்லு’ன்னீங்க.

— அவன் காதுல விழுந்துருக்காது. ஒலக்கைச் சத்தத்துல விழுந்துருக்காது. அப்படித்தான? செபாத்தி, அப்படித்தான?

— நல்லா விழுந்துச்சுக்கா. அப்படியே நின்னுட்டாரு. புள்ளையத் தோள்ல இருந்து எறக்குனாரு. பெறகு என்ன நெனச்சாரோ, திரும்பத் தூக்கி வச்சுக்கிட்டாரு. பழத்த எங்கையில குடுத்து, ‘உள்ள பேசுறவுகளுக்கும் குடுங்க’ன்னாரு. எனக்கு மனசு கேக்கல. ‘யாரு வீட்டுக்குங்க போகணும், பேரச் சொல்லுங்க, நான் காட்டுறேன்’னு பின்னாலயே போயிக் கேட்டேன்.

— என்ன சொன்னான்?

— ‘வேணாம்மா, வீடு தெரிஞ்சுருச்சு’ன்னாரு.