அண்ணனுக்காக ருசி பார்த்தவள்

வெள்ளரிக்காய் கசந்தால், தண்ணீர் ஊற்றியது போதவில்லை என்பார்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அது பாதி உண்மை. மீதி விதையில் இருக்கிறது. சுரை போட்டால் அவரையா முளைக்கும்?

கணவர் போனபின் மகளோடு அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அவர் கட்டைப் பிரம்மச்சாரி. மொட்டைமாடித் தொட்டிகளில் வெள்ளரி வளர்ப்பது என் பொறுப்பு. விதைக்கு விட்ட காய் கொடியிலேயே பழுத்ததும் ஒரு துண்டு கடித்துப் பார்க்க வேண்டும். கசந்தால் அது விஷம், குப்பைக்கு. கசக்காவிட்டால்தான் விதையைக் கழுவிக் காயவைத்து அடுத்த நடவுக்கு எடுத்துவைப்பது. ஏதோ ஒரு காய்ச்சலில் அண்ணனுக்கு ருசியே தெரியாமல் போயிருந்தது. “உன் நாக்குதான் எனக்கும் நாக்கு,” என்று சிரிப்பார். என்னை அப்படி நம்பினார்.

என் மகளுக்கு வயிற்றுவலி வந்தபோது அவரிடம்தான் ஓடினேன். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள், கண்டுகொள்ளாதே என்றார். அண்ணன் சொல்லை நான் தட்டியதில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரியில், குடல்வால் வெடித்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். அவளை அடக்கம் செய்துவிட்டு வந்ததும், எல்லாம் விதி என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார். என் மகளுக்கு வந்த அதே வலி அவருக்கும் வர வேண்டும், அதே இடத்தில் வர வேண்டும் என்று நினைத்தேன்.

அதன்பின் கசந்த காயின் விதையை எடுத்துவைத்தேன். நல்லதைக் குப்பையில் போட்டேன். ஒவ்வொரு நடவிலும் இருப்பதிலேயே அதிகம் கசந்ததைப் பொறுக்கினேன். கடித்துத் துப்பிவிட்டு, தேன் மாதிரி இருக்கிறது அண்ணா என்பேன். கடைசி நடவில் துப்பிய பிறகும் நாக்கு மரத்துக் கிடந்தது. அவசரப்பட்டால் காரியம் கெடும். நான் அவசரப்படவில்லை. உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினமும் காலையில் வெள்ளரிச் சாறு குடிப்பது அவர் வழக்கம்.

அன்றைக்கு அந்தக் கடைசி நடவுக் காயைத்தான் பிழிந்து கொடுத்தேன். வெயில் அதிகம் என்று இன்னொரு தம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். முதலில் வாந்தி. அப்புறம் ரத்தம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்.

“தாங்க முடியலம்மா. ஆம்புலன்சுக்குச் சொல்லு.”

“சொல்லிட்டேன் அண்ணா. வந்துக்கிட்டே இருக்கு.”

கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் உங்களிடம் வருத்தப்பட்டாராமே. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார் வந்து தூக்கிப்போகும்வரை நான் அவர் அருகிலேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டுதான் இருந்தேன். சைரன் சத்தம் கேட்கிறதா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கேட்கிறது என்றேன். நான் யாருக்கும் போன் செய்யவே இல்லை.