இருவருக்கு ஒரு சைக்கிள்

சீனி போடாத கோப்பி போதும், துவான். எனக்கு இனிப்பு நீர் வியாதி இருக்கிறது. ஐம்பத்தொரு வயதில் இன்னொரு வேலை கிடைக்காது என்பதை மட்டும் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சண்டை தொடங்கி எண்ணெய்க் கப்பல்கள் நின்றதும் எங்கள் கையுறைத் தொழிற்சாலை பஸ்ஸை நிறுத்திவிட்டது. நான் குடியிருக்கும் சிலிபினிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். ஈப்போவில் எந்தக் கடையிலும் சைக்கிள் இல்லை. துருப்பிடித்த சட்டத்துக்குக்கூட ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நிர்வாகம் எங்கிருந்தோ அறுபது சைக்கிள் பிடித்து வந்தது. இருவருக்கு ஒன்று. காலை ஏழுக்கு நான் ஓட்டி வந்து கொட்டகையில் பூட்டி, சாவியைக் காவலுக்கு இருக்கும் சக்கீனா அக்காவிடம் கொடுப்பேன். இரவு வேலை முடித்த விக்னேஸ்வரன் அதில் வீட்டுக்குப் போவான். மாலை ஏழுக்கு அவன் கொண்டுவந்து விடுவான், நான் எடுத்துப் போவேன். ஒருவர் உள்ளே போன பிறகுதான் மற்றவர் வெளியே வரலாம் என்பதால் நாங்கள் பார்த்துக்கொள்வதே அபூர்வம்.

மூன்று நாள் தாமதமாக வந்தால் சைக்கிள் பறிபோகும். வேலையும் அதோடு போகும். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் தர்மேந்திரன், விக்னேஸ்வரனின் மைத்துனன்.

நான் சந்தேகப்பிராணி இல்லை. கண்ணில் பட்டதைத்தான் சொல்கிறேன். எனக்குக் கால் குட்டை. விக்னேஸ்வரன் ஆறடி. காலையில் நான் விட்டுப்போகும் உயரத்திலேயே மாலையிலும் இருக்கை இருக்கும், விரற்கடை வித்தியாசம் இல்லாமல். அந்த உயரத்தில் ஆறடி ஆள் மிதித்தால் முட்டி தாடையில் இடிக்கும். அப்படியென்றால் பகல் முழுக்க அதை என்னளவு குட்டையான ஒருவன் ஓட்டுகிறான். தர்மேந்திரனை நான் பார்த்ததில்லை. ஆனால் வேறு யாராக இருக்க முடியும்?

சக்கீனா அக்காவிடம் விசாரித்தேன்.

“அவருதான் ஓட்டிட்டு வாராரு லா. வந்ததும் ஸ்பானரை எடுத்து சீட்டுக்கிட்ட ஏதோ முடுக்குவாரு. அப்புறந்தான் உள்ள போவாரு.”

முடுக்குகிறானாம். ஒன்று, தடயத்தை மறைக்கிறான். இல்லையென்றால் என்னைக் கவிழ்க்க எதையோ தளர்த்துகிறான். அந்த வாரம் எல்லாருக்கும் பாதுகாப்புக் கூட்டம் வைத்தார்கள். அங்கே விக்னேஸ்வரன் எதிர்ப்பட்டான்.

“அண்ணே, சைக்கிள் ஒங்களுக்கு வசதியா இருக்கா? இல்லன்னா சொல்லுங்க, சரி பண்ணிடலாம்.”

சிரித்துக்கொண்டே கேட்டான். கெடுதல் நினைக்காதவன் எதற்காக இதைக் கேட்கிறான்? பயந்துவிட்டேன், துவான். அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

மறுநாள் காலை கொட்டகையில் இரண்டு பிரேக் கம்பிகளையும் தளர்த்தினேன். முழுக்க அல்ல, முதல் இரண்டு மூன்று பிடிக்குத் தாங்கும். தொழிற்சாலை வாசலிலிருந்து பெரிய சாலைவரை ஒரே இறக்கம், கீழே கல்மலையிலிருந்து கல் ஏற்றிய லாரிகள் போகும். மழை வேறு. இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். ஏழே காலுக்கு என் இயந்திரத்தருகே நின்று அச்சிலிருந்து கையுறைகளை உரித்துக்கொண்டிருந்தேன். சத்தம் எதுவும் அங்கே கேட்கவில்லை.

இழவு வீட்டில் அவன் மனைவி தினேஸ்வரி எனக்கு நாற்காலி போட்டாள். பக்கத்தில் தர்மேந்திரன் நின்றான். அவனும் விக்னேஸ்வரன் உயரம்தான். ஆக, அந்தக் குட்டையன் வேறொருவன்.

சைக்கிள் பழுது பார்க்கப்பட்டு வந்தது. இரவுக்காரன் இப்போது தர்மேந்திரன். முதல் மாலை ஏறினேன், கால் எட்டவில்லை. அடுத்த மாலையும் அப்படித்தான். இருக்கை மேலேயே நிற்கிறது, தினமும் நானே இறக்கிக்கொள்கிறேன்.

அதனால்தான் நானாகவே இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன். விக்னேஸ்வரனைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவன் செத்த நாளோடு அந்தக் குட்டையன் வருவதை நிறுத்திவிட்டான். தப்புச் செய்யாதவன் எதற்கு, துவான், ஒளிந்துகொள்ள வேண்டும்?