பெட்டி பேசாமல் போன பத்தொன்பது நாள்

எனக்கு நேரில் பேச வராது. எதிரில் ஆள் உட்கார்ந்தால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவேன். அதனால்தான் எழுதித் தருகிறேன் என்றேன். ஸ்டேஷனில் நீங்கள் பேப்பர் கொடுத்தீர்கள், ஃபேனையும் போட்டுவிட்டீர்கள். நன்றி சார்.

நான் இயற்பியல் படித்தவள். தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருக்கும் கம்பெனியில் நான்கு வருடமாக வேலை. வயலில் இருக்கும் பம்புசெட்டை வீட்டிலிருந்தே செல்போனில் இயக்கும் பெட்டி செய்கிறோம். பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் பெட்டி திருப்பிக் கூப்பிடும். "மோட்டார் நிற்கிறது. ஓட்டுவதற்கு ஒன்றை அமுக்குங்கள்" என்று சொல்லும். அமுக்கினால் ஓடும். அமுக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. மிஸ்டு கால் வெறும் கேள்விதான். அப்படிப் பேசுவதற்காகத்தான் ஜனங்கள் எங்கள் பெட்டியை வாங்கினார்கள்.

அந்தக் குரல் என்னுடையது. ஆறாயிரம் வீடுகளில் தினமும் கேட்டது. ஆனால் உதவி எண்ணில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு அழைப்புகள்தான் வரும். பெட்டி ஒழுங்காக வேலை செய்தால் யார் கூப்பிடப் போகிறார்கள்? சில நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் வாய் திறந்தது டீக்காரரிடம் மட்டும்தான்.

பகலவனைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். அவரை நான் பார்த்ததில்லை. அம்மாப்பேட்டைப் பக்கம். எஞ்சினியரிங் முடித்துவிட்டு அப்பாவோடு விவசாயம் செய்கிறார். எங்கள் பெட்டிக்கு யார் வேண்டுமானாலும் செயலி எழுதலாம் என்று கம்பெனி அப்போது அறிவித்திருந்தது. அவர் ஒன்று எழுதி இலவசமாகக் கொடுத்தார். எழுதிய நான்கு மாதமும் தினம் ஒரு சந்தேகம் கேட்டு மெயில் போடுவார். நான் பதில் போடுவேன். "நன்றி செம்மொழி" என்று முடிப்பார். என் பெயரை அப்படி ஓர் எழுத்து விடாமல் முழுதாக எழுதியவர் வேறு யாருமில்லை. செயலி முடிந்தது. மெயிலும் நின்றது.

ஏப்ரலில் மேலாளர் பரணிதரன் சார் கூப்பிட்டார். ஏற்கனவே விற்ற பெட்டிகளில் ஏதாவது ஒரு வசதியை எடுத்து மாதச் சந்தாவுக்குள் வைக்க வேண்டும், எதை எடுக்கலாம் என்றார். யாருக்கும் உறைக்காத வசதிகள் இரண்டு இருந்தன. அவற்றை விட்டுவிட்டு நான் குரலைச் சொன்னேன். வெளியாட்களின் செயலிகளையும் அடைத்துவிடலாம் என்றேன்.

"ஏம்மா, காசு குடுத்து வாங்குனத ஊமையாக்குனா ஜனங்க கூப்புட்டுக் கிழிப்பாங்களே. யாரு சமாளிக்கிறது?"

"நான் பாத்துக்கிறேன் சார்."

மே மாதம் புதிய மென்பொருள் எல்லாப் பெட்டிகளுக்கும் போனது. சந்தா கட்டாத பெட்டி இனி பேசாது. மிஸ்டு கால் வந்தால், நிற்கும் மோட்டார் ஓடும், ஓடுகிற மோட்டார் நிற்கும். அறிவிப்பை ஆங்கிலத்தில் எஸ்.எம்.எஸ்ஸாக அனுப்பினோம். எழுதியது நான்தான்.

மறுநாள் நூற்று நாற்பது அழைப்புகள். திட்டினார்கள், ஆனால் பேசினார்கள். "பெட்டில பேசுற புள்ளதானே நீ, இப்ப ஏன் பேச மாட்டேங்குற?" என்று ஒருவர் கேட்டார். அன்று எனக்குச் சாப்பிட நேரமில்லை. சந்தோஷமாக இருந்தேன்.

பகலவனும் எழுதினார். "முன்னாடி மிஸ்டு கால் குடுத்தா பெட்டி பதில் சொல்லும். இப்ப மோட்டாரே ஓடுது. இது பாதிப் பேருக்குத் தெரியாது. ஒருத்தர் வயர்ல கை வச்சிருக்கப்ப வீட்டுலேர்ந்து கால் போட்டா என்ன ஆவும்? இன்னைக்கே மேல சொல்லுங்க செம்மொழி."

அவர் சொன்னது சரி. படித்தவுடனே புரிந்தது. பரணிதரன் சார் கெட்டவர் இல்லை. அந்த மெயிலை அவருக்கு அனுப்பியிருந்தால் அன்றைக்கே மாற்றச் சொல்லியிருப்பார். மாற்றிவிட்டால் பகலவன் நன்றி சொல்லி ஒரு மெயில் போடுவார். அதோடு சரி. எனவே "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் போட்டேன். மறுநாள் "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். அதற்கும் அதே பதில். இப்படிப் பத்தொன்பது நாள், பத்தொன்பது மெயில். அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீங்கள் விசாரிக்கும் வீரையன் வீட்டுப் பெட்டிக்குத் தாளடி நெல் அறுவடைக்குப் பிறகு வேலை இல்லை. நான்கு மாதமாக யாரும் அதற்குக் கால் போடவில்லை. பத்தொன்பதாம் நாள் காலை, குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடப் போனார். எலி கடித்திருந்த வயரை ஒட்டிவிட்டு மோட்டாரைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஃபியூஸைப் பிடுங்கவில்லை. அது அவர் தவறு என்று முதலில் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். மூன்று வருடமாக ஒன்றை அமுக்காமல் ஓடாத மோட்டார் அது.

அவர் மனைவி அம்சத்துக்கு ஒரு பழக்கம். பெட்டிக்கு மிஸ்டு கால் கொடுப்பார். ஓடுகிறது என்று என் குரல் சொன்னால், வீரையன் வயலிலிருந்து கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். தோசைக்கல்லை அடுப்பில் வைப்பார். அன்றும் கொடுத்தார்.

வீரையன் இறந்த நான்காம் நாள் உதவி எண்ணுக்கு அம்சமே கூப்பிட்டார். புகார் இல்லை.

"ஒரு தடவதாம்மா போட்டேன். நீ பேசுவேன்னு போனக் கையில வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். நீ பேசவே இல்ல."

நான் பேசினேன். ஒரு மணி நேரம் பேசினோம். அதன் பிறகு தினமும் நாலு மணிக்குக் கூப்பிடுகிறார். மகன் மஸ்கட்டில் இருக்கிறான். பெட்டிக் குரல் நான்தான் என்று அவருக்குத் தெரியும். மெயில்களைப் பற்றித் தெரியாது. நேற்று நான் சாப்பிட்டேனா என்று கேட்டார்.

மின்கசிவு, விபத்து என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. மாற்றிக்கொள்ளுங்கள். வசதியைப் பிடுங்கியது கம்பெனி. எதைப் பிடுங்கலாம் என்று சொன்னது நான். ஒருவர் சாவார் என்று தெரிந்தே பத்தொன்பது நாள் மறைத்ததும் நான். வேறு யாருக்கும் பங்கில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை அம்சம் அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். உதவி எண் போனையும் நாலு மணிக்கு மட்டும் என்னிடம் கொடுங்கள். எனக்காகக் கேட்கவில்லை சார். பாவம், பேசுவதற்கு என்னை விட்டால் அவருக்கு ஆள் இல்லை.